ஆள் கீழே

இது நிஜமாக நடந்தது என்று சத்தியம் செய்தால், எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள் என்பீர்கள். சரி, சத்தியம் வேண்டாம். என் மாமனார் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். அவர் படுத்திருக்கும் அறைக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். பத்து நிமிடம் அந்தக் கட்டில் பக்கத்தில் உட்காருங்கள். அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

ராத்திரி இல்லை. மழை இல்லை. ஆளில்லாத பங்களா இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தலைக்கு ஒரு டிக்கெட் வாங்கி, குடும்பத்தோடு ரயில் அருங்காட்சியகத்துக்குப் போய், நூறு பேருக்கு நடுவில் நின்று பயந்துவிட்டு வந்தவன் நான்.

பயந்தாங்கொள்ளி என்று முடிவு கட்டாதீர்கள். நான் லிஃப்ட் மெக்கானிக். வருடக்கணக்காக லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறேன். தலைக்கு மேலே முக்கால் டன் கூண்டு தொங்கும். கீழே நான், ஒரு டார்ச், ஒரு ஸ்பானர். இருட்டைப் பார்த்து நடுங்கினால் எனக்குச் சாப்பாடு கிடையாது.

குழிக்குள் இறங்குமுன் நாங்கள் ஒரு காரியம் செய்வோம். லிஃப்ட் கதவில் ஒரு தகர போர்டு மாட்டுவோம். 'வேலை நடக்கிறது.' அதை மாட்டியவன்தான் கழற்ற வேண்டும். கட்டடத்துக்குச் சொந்தக்காரரே வந்து நின்றாலும் சரி, வேறு கை அதில் படக் கூடாது. எங்கள் தொழிலில் முதல் பாடமும் அதுதான், கடைசிப் பாடமும் அதுதான். கீழே ஒருவன் உயிர் இருக்கிறது. அது மேலே ஒரு கொக்கியில் தொங்குகிறது.

"இதெல்லாம் எங்ககிட்டேர்ந்து திருடினது மாப்பிள்ளை" என்பார் என் மாமனார்.

எஞ்சின் ஷெட்டில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலும் ஃபோர்மேன்தான். யார் எத்தனை மணிக்குக் குளிக்க வேண்டும், பால் பாத்திரம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் எல்லாம் அவர் உத்தரவு. சோற்றைப் பிசையும்போதுகூட யாரையோ வேலை வாங்குவதுபோல் பிசைவார்.

நான் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஒரு கதை சொல்வார். அதே கதை. வார்த்தைகூட மாறாது.

"எங்க ஷெட்ல எஞ்சினுக்கு அடியில ஃபிட்டர் இறங்கினா, மேல டிரைவர் நிக்கிற இடத்துல, நீராவியைத் திறக்கிற கைப்பிடி மேல சிவப்பு போர்டு மாட்டணும். 'ஆள் கீழே.' அவ்வளவுதான் எழுதியிருக்கும். எஞ்சினை நகர்த்துறதுக்கு முன்னாடி மேல இருக்கிறவன் இரும்புல ஒரு தட்டு தட்டுவான். கீழேர்ந்து ரெண்டு தட்டு வந்தா ஆள் இன்னும் கீழ. மூணு தட்டு வந்தா வெளிய வந்துட்டான். புரியுதா? இவ அண்ணன் இருந்தானே, என் மச்சான், அவனும் ஃபிட்டர்தான். கெட்டிக்காரன். ஆனா சோம்பேறி. போர்டு மாட்டாம இறங்கிட்டான். எஞ்சின் நகர்ந்துது. முடிஞ்சுது. வேலை தெரியாம செத்தவன் உண்டு. சோம்பலுக்குச் செத்தவன் அவன் ஒருத்தன்தான்."

சொல்லிவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு ஆரம்பிக்குமுன் என் மாமியார் எழுந்து சமையலறைக்குள் போய்விடுவார். குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்கும். கூடப் பிறந்த அண்ணன். அவர் இறந்தபோது மாமியாருக்கு ஏழாம் மாசம். வயிற்றில் இருந்தது என் மனைவி. தாய்மாமன் முகத்தை அவள் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள்.

அந்த மாமியார், வாழ்நாளில் முதல்முறையாக ஒன்று கேட்டார்.

"அந்த ஷெட் எஞ்சினை அருங்காட்சியகத்துல கொண்டுவந்து வெச்சிருக்காங்களாம். பேப்பர்ல போட்டிருந்தான். எனக்கு அதைப் பாக்கணும்."

"அதை முப்பது வருஷம் நான் பாத்தாச்சு. நீ பாத்து என்ன பண்ணப் போற?" என்றார் மாமனார்.

"பாக்கணும்."

என் மனைவிக்கு வீட்டில் மேனேஜர் என்று பெயர். வைத்தது நான்தான். மேனேஜர் கையில் இருந்த தோசைக்கரண்டியை நீட்டி, "அப்பா, அம்மா இதுவரைக்கும் உங்ககிட்ட எதையாவது கேட்டிருக்காங்களா? பேசாம கிளம்புங்க" என்றாள். ஃபோர்மேனுக்கு மேலே இருந்த ஒரே அதிகாரி அவள்தான். கிளம்பினார்.

ஐந்து பேர் போனோம். நான், மேனேஜர், மாமனார், மாமியார், எங்கள் மகள். மகளுக்கு ஆறு வயது. பட்டாணி என்று கூப்பிடுவோம். எங்கே சிந்தினாலும் உருண்டு ஓடிவிடுவாள்.

மாமியார் கையில் ஒரு துணிப்பை இருந்தது. பேருந்தில் அதை மடியிலேயே வைத்து அழுத்திப் பிடித்திருந்தார்.

"அத்தை, பையைக் குடுங்க. நான் வெச்சுக்கறேன்."

"வேணாம் மாப்பிள்ளை. என் கனத்தை நானே தூக்கிக்கறேன்."

நான் அதை அப்போது ஒரு பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

*

முதல் கூடத்தில் பழைய கடிகாரங்கள், சிக்னல் விளக்குகள், டிக்கெட்டில் தேதி அடிக்கும் இயந்திரம். பட்டாணி ஒரு பித்தளை மணியை விடாமல் அடித்தாள். காவலாளி காதைப் பொத்திக்கொண்டு, "பாப்பா, ரயில் போயிடுச்சு. போதும்" என்றார். மாமனாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. விளக்கில் திரியைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். அவரைச் சுற்றி நாலைந்து பேர் நின்று கேட்டார்கள். போதாதா? அரைமணி நேரம் அங்கேயே ஓடிவிட்டது.

"அத்தை எங்க?" என்று கேட்டேன்.

"எஞ்சினைப் பாக்க முன்னாடியே போயிட்டாங்க" என்றாள் மேனேஜர்.

எஞ்சின்கள் நின்றிருந்தது பின்னால் ஒரு பெரிய கொட்டகையில். தகரக் கூரை. வாசலை ஒட்டி ஒரு பெஞ்ச். அதில் மாமியார் உட்கார்ந்திருந்தார். துணிப்பை மடியில் சப்பையாகக் கிடந்தது. கால் வலிக்கிறது, நீங்கள் போய்ப் பாருங்கள் என்று கையைக் காட்டினார். நடந்த களைப்பு என்று நினைத்தேன்.

மூன்று எஞ்சின்கள். முதலாவது பச்சை. அடுத்தது குட்டி. இரண்டிலும் புது பெயின்ட் வாசனை.

மூன்றாவது கறுப்பு. அதில் மட்டும் பெயின்ட் வாசனை இல்லை. சூடான எண்ணெய். நனைந்த சாம்பல். இப்போதுதான் வேலை முடித்து வந்து நின்றதுபோல் ஒரு வாடை.

தொழில் புத்தி. இரும்பைக் கண்டால் கை வைத்துப் பார்ப்பேன். வைத்தேன்.

வெதுவெதுப்பாக இருந்தது.

"என்னங்க, சுடுது?" என்று கூட வந்த காவலாளியைக் கேட்டேன்.

"வெயில் சார்" என்றவர், அண்ணாந்து தகரக் கூரையைப் பார்த்தார். வெயில் உள்ளே வர ஒரு பொத்தல்கூடக் கிடையாது.

எஞ்சினுக்கு அடியில், இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே, நீளமான குழி. பார்வையாளர்கள் இறங்கி எஞ்சினின் வயிற்றைப் பார்ப்பதற்காகப் படிகள் கட்டியிருந்தார்கள். அன்றைக்குக் குறுக்கே சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. 'விளக்கு பழுது. இறங்கக் கூடாது.'

மாமனார் எஞ்சினைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அப்பா, மேல ஏறுங்க. உங்க எஞ்சின். கைப்பிடியைப் பிடிச்சுட்டு ஒரு போட்டோ" என்றாள் மேனேஜர். என் பக்கம் திரும்பி, "இந்தப் பையைப் பிடிங்க" என்று தன் கைப்பையைத் திணித்தாள்.

பையை வாங்க நான் பட்டாணியின் கையை விட்டேன்.

மாமனார் இரும்பு ஏணியின் முதல் படியில் கால் வைத்தார்.

டக்... டக்.

இரும்பில் இரும்பு படுகிற சத்தம். எங்கிருந்தோ.

அவர் கால் படியிலேயே நின்றது. "கீழ யாரு?" என்றார்.

"கீழ யாரும் இல்ல பெரியவரே. பூட்டியிருக்கு" என்றார் காவலாளி.

பின்னால் வரிசையில் நின்ற ஓர் அம்மா, "சீக்கிரம் ஏறுங்கையா. எங்க வீட்டு வானரமும் ஏறணுமாம்" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். மாமனார் ஏறினார்.

ஏறியவர், அப்படியே நின்றுவிட்டார்.

கீழிருந்தே எனக்குத் தெரிந்தது. நீளமான கைப்பிடி. அதன்மேல் ஒரு தகர போர்டு தொங்கியது. மங்கிப்போன சிவப்பு. ஒரு மூலை மடங்கியிருந்தது. வெள்ளை எழுத்து பாதி உதிர்ந்திருந்தாலும் படிக்க முடிந்தது.

ஆள் கீழே.

"இதை யாரு இங்க மாட்டினது?" மாமனார் அதைத் தொடாமல் கேட்டார்.

காவலாளி எட்டிப் பார்த்தார். "தெரியலையே. காலைல கூட்டும்போது இல்ல."

"அப்பா, அது உங்க முகத்தை மறைக்குது. கழட்டி வெச்சுட்டு நில்லுங்க." மேனேஜர் போனைத் தூக்கிப் பிடித்தாள்.

அவர் அசையவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "மாட்டினவன்தான் கழட்டணும்..."

அப்போது எனக்குப் பின்னால் மாமியாரின் குரல் கேட்டது. அமைதியான குரல்.

"கழட்டுங்க. உங்களுக்கு அது என்ன புதுசா?"

மாமனார் முகம் செங்கல் நிறத்துக்கு மாறியது. ஒரே இழுப்பு. போர்டைக் கொக்கியோடு பிடுங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். வலது கையைக் கைப்பிடியில் வைத்தார். பல் தெரியச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். கதை முடிவில் வருகிற சிரிப்பு.

டக்... டக்.

இந்தமுறை எங்கிருந்து என்ற சந்தேகமே இல்லை. என் செருப்புக்கு நேர் கீழே.

பட்டாணியின் கையைப் பிடிக்கக் கையை நீட்டினேன்.

கை காற்றில் துழாவியது.

"பட்டாணி?"

பச்சை எஞ்சின் பக்கம் இல்லை. குட்டி எஞ்சின் பக்கம் இல்லை. பாட்டியிடம்...

உஸ்ஸ்ஸ்... என்று ஒரு சத்தம். நீராவி. எத்தனையோ வருடமாக நெருப்பே காணாத எஞ்சினிலிருந்து.

படிக்கட்டுச் சங்கிலி ஆடிக்கொண்டிருந்தது. லேசாக. யாரோ இப்போதுதான் அடியில் குனிந்து நுழைந்ததுபோல.

சங்கிலியைத் தாண்டிக் குதித்தேன்.

*

உள்ளே இருட்டு. போனில் வெளிச்சம் போட்டேன். தலைக்கு மேலே எஞ்சினின் வயிறு. எண்ணெய் சொட்டியது. என் கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது. சூடாக.

குழியின் நடுவில், பக்கச் சுவரில் கால் வைத்து நிற்க ஒரு சிறிய விளிம்பு. பட்டாணி அதில் ஏறி நின்றிருந்தாள். இடது கையை மேலே நீட்டித் தண்டவாளத்தின்மேல் வைத்திருந்தாள்.

அவள் கைக்கு ஒரு சாண் தள்ளி, சக்கரம்.

"கண்ணு, கையை எடு. இறங்கு."

"முடியாதுப்பா." அவள் அழவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். "கரி மாமா பிடிச்சிருக்கார்."

வெளிச்சத்தை அவள் கைமேல் அடித்தேன்.

யாரும் இல்லை.

ஆனால் மணிக்கட்டைச் சுற்றிச் சதை அமுங்கியிருந்தது. விரல் விரலாக.

அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இடுக்கியில் மாட்டிய இரும்புபோல் கை அசையவில்லை. முழு பலத்தோடு இழுத்தால் குழந்தையின் தோள் கழன்றுவிடும்.

கிறீச்...

சக்கரம் நகர்ந்தது.

மெதுவாக. மிக மெதுவாக. அவசரமே இல்லாமல்.

முக்கால் சாண்.

"மாமா, போர்டை மாட்டுங்க" என்று கத்தினேன். "பட்டாணி கீழ இருக்கா. போர்டை மாட்டுங்க."

மேலே காலடிகள். மேனேஜரின் அலறல். தகரம் இரும்பில் மோதும் சத்தம்.

"மாட்டிட்டேன்" என்றார் மாமனார். குரல் உடைந்திருந்தது. "மாட்டிட்டேன் மாப்பிள்ளை. நிக்கல. கையை எடுக்க முடியல. சுடுது... கையை எடுக்க முடியல."

கிறீச்...

அரைச் சாண்.

பட்டாணி என் காதருகே சொன்னாள். "யாரு கழட்டினதுன்னு கேக்கறார்ப்பா."

அதே நேரம் மேலே மாமியாரின் குரல். அதே அமைதி.

"சொல்லுங்க. அன்னிக்கு யாரு கழட்டினது?"

கிறீச்...

நான்கு விரல்.

"சொல்லித் தொலைங்க மாமா."

"நான்தான்..."

சக்கரம் நிற்கவில்லை.

"நான்தான் கழட்டினேன். அவன் மாட்டிட்டுத்தான் இறங்கினான். வண்டிக்கு நேரமாச்சு... மேலதிகாரி கத்தினான்... நான்தான் கழட்டினேன்."

நிற்கவில்லை.

மூன்று விரல்.

டக்... டக்.

"கேட்டுச்சு" என்று ஊளையிட்டார் மாமனார். அது மனிதக் குரலாகவே இல்லை. "ரெண்டு தட்டு கேட்டுச்சு. கேட்டுச்சுடா. கேட்டுட்டுத்தான் நகத்தினேன். நீ வெளிய வந்துருவேன்னு..."

சக்கரம் நின்றது.

பட்டாணி என்மேல் விழுந்தாள்.

*

மேலே ஏறி வந்தபோது மாமனார் கைப்பிடியைப் பிடித்தபடி சரிந்து கிடந்தார். காவலாளியும் நானும் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தோம். நான் அந்தக் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

அவர் மாட்டியதாகச் சொன்ன போர்டு அதில் இல்லை. தரையில் தேடினோம். இல்லை.

பக்கவாதம் என்றார் டாக்டர். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்த நர்ஸ், "எதைப் பிடிச்சார்? கொதிக்கிற பாத்திரமா?" என்று கேட்டாள். தோல் உரிந்திருந்தது. நாங்கள் என்ன சொல்ல முடியும்?

பட்டாணிக்குச் சிராய்ப்புகூட இல்லை. மணிக்கட்டில் மட்டும் கறுப்பாக ஒரு கை பிடித்த தடம். எஞ்சின் எண்ணெயும் கரியும் கலந்த கறுப்பு. சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, போவதற்கு ஒரு வாரமானது.

"அந்த மாமா உன்னைப் பயமுறுத்தினாரா கண்ணு?" என்று கேட்டேன்.

"இல்லையே. 'உன்மேல எனக்குக் கோபம் இல்ல பாப்பா. மேல இருக்கிறவனுக்குக் கேக்கணும், அதுக்குத்தான்'னு சொன்னார்."

இரண்டு நாள் கழித்து அருங்காட்சியக அதிகாரி என்னைக் கூப்பிட்டனுப்பினார். படித்த மனிதர், பொறுமையாகப் பேசினார். எஞ்சின் நகர்ந்தது என்று நீங்கள் சொல்வது பதற்றத்தில் தோன்றியிருக்கும் என்றார். அந்த எஞ்சினுக்குள் பிஸ்டன் கிடையாது. கொதிகலனில் அடைத்திருப்பது சிமென்ட். எல்லாச் சக்கரத்தையும் தண்டவாளத்தோடு சேர்த்து வெல்டிங் வைத்திருக்கிறார்கள். வாருங்கள், நீங்களே பாருங்கள் என்று குழிக்குள் கூட்டிப்போனார்.

பார்த்தேன். வெல்டிங்கில் ஒரு விரிசல் கிடையாது. அவர் சொன்னது சரி.

ஆனால் சக்கரத்துக்கு முன்னால் தண்டவாளத்தில் துரு மண்டிக் கிடந்தது. அதில் முக்கால் சாண் நீளத்துக்கு மட்டும் துரு இல்லை. புத்தம் புது இரும்புபோல் பளபளத்தது. அதற்கு அப்பால் மறுபடி துரு. அதில் மூன்று விரல் தள்ளி, குழந்தையின் உள்ளங்கை அளவுக்கு ஒரு கறை.

அதிகாரியும் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, நீங்க கிளம்புங்க" என்றார்.

*

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வராண்டாவில் மாமியாரும் நானும் தனியாக உட்கார்ந்திருந்தோம். மேனேஜர் டீ வாங்கப் போயிருந்தாள். அப்பா அலறியதைத் தன் காதால் கேட்டதிலிருந்து அவள் அவர் அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. மருந்து வாங்கித் தருவாள். வாசலோடு சரி.

"அந்த போர்டை நான்தான் மாட்டினேன் மாப்பிள்ளை" என்றார் மாமியார்.

நான் திரும்பினேன்.

"எங்க அண்ணன் செத்த அன்னிக்கு இவர் வீட்டுக்கு வந்தப்போ சாப்பாட்டுப் பையில அது இருந்துச்சு. பாத்திரம் கழுவ எடுத்தப்போ பாத்தேன். மறுநாள் தூக்கிப் போடலாம்னு வெச்சிருந்தார் போல. நான் எடுத்து தையல் மெஷின் பெட்டிக்கு அடியில ஒளிச்சேன். அவர் கேக்கல. நானும் கேக்கல. வயித்துல புள்ள. எங்க போவேன்? எங்க அண்ணன் சோம்பேறின்னு அவர் சொல்லும்போதெல்லாம், அந்தப் பெட்டியைத்தான் நினைச்சுப்பேன்."

"அன்னிக்கு நீங்க முன்னாடி போனது..."

"ஆமா. அவர் கண்ணுல அது படணும். அவ்வளவுதான். என் பொண்ணு முன்னாடி, உங்க முன்னாடி, அந்த மூஞ்சி எப்படி மாறுதுன்னு... அதுக்கு மேல நான் ஒண்ணும் நினைக்கல. குழந்தை கீழ போவான்னு எனக்குத் தெரியுமா?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கடைசில அதைப் பாக்கக்கூட எனக்கு தைரியம் வரல."

எனக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் இரக்கம். ஆனாலும் கேட்டேன். "அப்புறம் ஏன் அத்தை கழட்டச் சொன்னீங்க? 'உங்களுக்கு அது என்ன புதுசா'ன்னு?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன்.

"நான் எங்க மாப்பிள்ளை சொன்னேன்? நான் வாசல் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே இல்லையே. நீங்க பட்டாணியைத் தூக்கிட்டு வெளிய வந்தப்போதான் எனக்கு விஷயமே தெரியும்."

மறுபடி கேட்டேன்.

"'அன்னிக்கு யாரு கழட்டினது'ன்னு..."

"நான் வாயே திறக்கல."

டீயோடு வந்த மேனேஜரிடம் போனை வாங்கினேன். அன்று அவள் போட்டோ எடுக்கவில்லை. தெரியாமல் வீடியோவை அழுத்தியிருந்தாள். மாமனார் ஏறுகிறார். போர்டைப் பார்க்கிறார். மேனேஜர் பேசுவது கேட்கிறது. அப்புறம்...

அப்புறம் மாமியார் குரல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சத்தம்.

டக்... டக்.

அதைக் கேட்டுத்தான் அவர் போர்டைப் பிடுங்கினார். நானும் அதைத்தான் கேட்டேன். என் காதில் அது வார்த்தையாக விழுந்தது. எப்படி என்று கேட்காதீர்கள்.

*

மாமனாரை வீட்டுக்குக் கொண்டுவந்து நாலு மாதம் ஆகிறது. கட்டிலில்தான் கிடக்கிறார். பேச்சு இல்லை. இடது கை மட்டும் அசையும். நான் இப்போது குழிக்குள் இறங்குவதில்லை. அலுவலகத்தில் புகார்களைப் போனில் எடுக்கிறேன். கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

கட்டிலுக்கு அடியிலிருந்து தினமும் அந்தச் சத்தம் வருகிறது. டக்... டக். உடனே மாமனாரின் கண் விரியும். இடது கை கட்டில் சட்டத்தில் ஒரு தட்டு தட்டும். கேட்கிறது, கேட்கிறது என்பதுபோல. மூன்று தட்டு வராதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பார். ஆள் வெளியே வந்துவிட்டான் என்ற மூன்று தட்டு.

இரண்டுதான் வரும்.

முதலில் பட்டாணிதான் அடியில் புகுந்து விளையாடுகிறாள் என்று நினைத்தோம். ஒரு புதன்கிழமை காலை, அவளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். அறைக்குள் நுழையும்போதே கேட்டது. குனிந்து பார்த்தேன்.

கட்டிலுக்கு அடியில் ஒன்றும் இல்லை. தரையில் ஒரு சொட்டு எண்ணெய் மட்டும்.

நிமிர்ந்தபோதுதான் கவனித்தேன். அவர் கால்மாட்டில், கட்டிலின் இரும்புச் சட்டத்தில், சிவப்பாக ஒன்று தொங்கியது. ஒரு மூலை மடங்கியிருந்தது.

மேனேஜர் மாட்டவில்லை. பட்டாணிக்குக் கை எட்டாது. மாமியார் வாசலில் வந்து நின்று பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "இந்தத் தடவை நான் இல்ல மாப்பிள்ளை" என்றார். பிறகு, பல வருடமாக நான் அவர் முகத்தில் பார்க்காத ஒரு நிம்மதியோடு சமையலறைக்குப் போனார். குழாய்ச் சத்தம் கேட்கவில்லை.

போர்டு இன்னும் அங்கேயேதான் தொங்குகிறது. மாமனார் ராப்பகலாக அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் கிட்டே போகும்போதெல்லாம் கண்ணால் கெஞ்சுகிறார். கழற்றச் சொல்லித்தான்.

நான் தொடவில்லை. தொடவும் மாட்டேன்.

மாட்டியவர்தான் கழற்ற வேண்டும்.